பல் அறுவை சிகிச்சையில் நரம்பு வழி மயக்க மருந்து: உடலில் நடப்பது என்ன? நோயாளி அறிய வேண்டியது என்ன?

புது டெல்லி: அச்சமின்றி, உறக்கத்திலேயே பல் அறுவை சிகிச்சை முடிந்துவிடும் என்று கூறும் விளம்பரங்களை டெல்லி, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத் போன்ற பெருநகரங்களின் தனியார் பல் மருத்துவமனைகளில் இப்போது காண முடிகிறது. எலும்புக்குள் புதைந்த ஞானப்பல்லை அகற்றுதல், ஒரே அமர்வில் பல பற்களைப் பிடுங்குதல், தாடை எலும்பில் இம்பிளான்ட் பொருத்துதல் போன்ற சிகிச்சைகளின்போது, கையிலுள்ள சிரையில் மருந்து செலுத்தி நோயாளியை அமைதிநிலைக்குக் கொண்டு செல்வது சிரைவழி செடேஷன் எனப்படுகிறது. பேச்சுவழக்கில் இதுவே நரம்பு ஊசி.

முறையாகச் செய்யப்பட்டால் இது பாதுகாப்பானது. பல் மருத்துவரின் நாற்காலியை நினைத்தாலே நடுங்குபவர்களுக்குப் பேருதவியும்கூட. ஆனால் விளம்பரங்கள் கூறும் ‘உறக்கம்’ நடப்பதைச் சரியாக விவரிக்கவில்லை. பெரும்பாலான நேரம் நோயாளி விழிப்பின் விளிம்பில் இருக்கிறார். கேட்டால் பதில் சொல்கிறார். வாயைத் திறக்கச் சொன்னால் திறக்கிறார். பின்னர் அனைத்தையும் மறந்துவிடுகிறார். நோயாளி எந்த நிலையில் இருக்கிறார், அந்த நிலையில் அவரது மூச்சைக் கவனிப்பவர் யார் என்ற இரண்டு கேள்விகளைப் பொறுத்தே இம்முறையின் பாதுகாப்பு அமைகிறது.

ஒரே சொல், நான்கு நிலைகள்

தமிழில் வெயிலில் சுருண்டு விழுவதும் மயக்கம், தலைசுற்றலும் மயக்கம், அறுவை அரங்கில் நினைவிழப்பதும் மயக்கம். ஈறில் போடப்படும் மரத்துப்போகும் ஊசியைக்கூடப் பலர் மயக்க ஊசி என்றே குறிப்பிடுகின்றனர். மருத்துவத் துறை இவற்றைத் தனித்தனியே பிரிக்கிறது. அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம் வகுத்த, பல நாடுகளிலும் எடுத்தாளப்படும் பகுப்பில் நான்கு படிகள் உள்ளன.

முதல் படியில் பதற்றம் மட்டுமே தணிகிறது. இரண்டாம் படியில் நோயாளி அரைக்கண் மூடியிருந்தாலும், பேச்சுக்கோ தோளில் மெல்லத் தட்டுவதற்கோ பொருத்தமாகப் பதிலளிக்கிறார். மூச்சு தானாகவே சீராக ஓடுகிறது. மூன்றாம் படி ஆழ்ந்த மயக்கம். திரும்பத் திரும்ப அழைத்தாலோ, வலி உண்டாக்கினாலோ மட்டுமே அவர் அசைகிறார். மூச்சுப்பாதை திறந்திருக்கப் பிறர் உதவி தேவைப்படலாம். நான்காவது, வலிக்கும் விழிக்காத பொது மயக்கம். அங்கே மூச்சுவிடவே பெரும்பாலும் உதவி வேண்டும்.

பல் மருத்துவமனைகளில் பொதுவாக இலக்காகக் கொள்ளப்படுவது இரண்டாம் படி. ஆனால் படி என்பது வசதிக்காக வைத்த பெயர்தான். உண்மையில் இது சறுக்குமரம் போன்றது; நடுவில் நிற்க இடமில்லை. ஒருவரை இரண்டாம் படியில் நிறுத்தும் அதே அளவு மருந்து, அதே எடையுள்ள இன்னொருவரை மூன்றாம் படிக்கு இறக்கிவிடக்கூடும். எனவேதான், எந்தப் படியை இலக்காகக் கொண்டாலும் அதற்கு அடுத்த ஆழத்திலிருந்து நோயாளியை மீட்கும் திறன் மருந்து தருபவருக்கு இருக்க வேண்டும் என்பது மயக்கவியலின் அடிப்படை விதியாக உள்ளது.

சிரைக்குள் மருந்து சென்றதும்

இம்முறையில் உலகெங்கும் அதிகம் பயன்படும் மருந்து மிடாசோலம். புறங்கையிலோ முழங்கை மடிப்பிலோ உள்ள சிரையில் சிறு குழாய் பொருத்தப்பட்டு, அதன் வழியே சிறிது சிறிதாகச் செலுத்தப்படுகிறது. மூளையின் பரபரப்பை அடக்க ‘காபா’ என்ற இயற்கை வேதிப்பொருள் உள்ளது. மிடாசோலம் புதிதாக எதையும் செய்வதில்லை. காபாவின் குரலை உரக்கக் கேட்கச் செய்கிறது, அவ்வளவே. இரண்டு மூன்று நிமிடங்களில் விளைவு தெரியத் தொடங்குகிறது. அதனால் பெரியவர்களுக்கு ஒரு முறைக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் செலுத்தி, குறைந்தது 2 நிமிடங்கள் காத்திருந்து, நோயாளியைப் பார்த்துவிட்டு அடுத்த அளவைத் தீர்மானிப்பது வழக்கம். இமைகள் பாதிக் கண்ணை மறைத்து, பேச்சு குழறத் தொடங்கினால் போதிய அளவு சேர்ந்துவிட்டது என்று பொருள்.

இந்தக் காத்திருப்பு பலரின் உயிரை விலையாகக் கொடுத்துக் கற்ற பாடம். மிடாசோலத்துக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1985இல் ஒப்புதல் அளித்தது. அதற்கு முன் புழக்கத்தில் இருந்த டயசெபாம் சிரையில் எரிச்சலையும் வீக்கத்தையும் உண்டாக்கியதால், நீரில் கரையும் புதிய மருந்தை மருத்துவர்கள் விரும்பி ஏற்றனர். ஆனால் பழைய மருந்தைவிட இதன் வீரியம் கூடுதல் என்பது போதிய அளவு உணரப்படாததால், தொடக்க ஆண்டுகளில் மூச்சு நின்று உயிரிழப்புகள் நேர்ந்தன. மருந்தின் குறிப்பேட்டில் கட்டமிட்ட எச்சரிக்கை இடம்பெற்றது அதன் பிறகுதான்.

நோயாளி உணர்வது இதமான மாற்றம். உடல் தளர்கிறது, நாக்கு தடிக்கிறது, தலைக்கு மேலுள்ள விளக்கு விலகிப் போனதுபோல் தோன்றுகிறது. எலும்பைத் துளைக்கும் கருவியின் ஒலி காதில் விழுகிறது. ஆனால் அது யாருக்கோ நடப்பதுபோல் இருக்கிறது. ஒரு மணி நேர அறுவை சில நிமிடங்களாகச் சுருங்குகிறது. தொண்டையில் கருவி பட்டாலே குமட்டும் சிலருக்கு அந்த உந்துதல் அடங்கிவிடுகிறது.

இதயத்துக்கும் இதில் ஓரளவு நன்மை உண்டு. கடும் அச்சத்தில் உடலே சுரக்கும் அட்ரினலின் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் உயர்த்துகிறது. உயர் ரத்த அழுத்தம், இதய ரத்தக்குழாய் நோய் உள்ளவர்களுக்கு அந்தச் சுமை ஆபத்தானது. செடேஷன் அதைத் தணிக்கிறது. அதே மருந்து ரத்த அழுத்தத்தைத் தேவைக்கு மேல் இறக்கிவிடவும் கூடும் என்பதால், குறிப்பிட்ட இடைவெளியில் அழுத்தத்தை அளந்துகொண்டே இருக்க வேண்டியுள்ளது.

வலி அல்ல, நினைவு

பரவலாக நிலவும் தவறான எண்ணம், நரம்பு ஊசி போட்டால் வலிக்காது என்பது. மிடாசோலம் வலி நீக்கி அல்ல. வலியைத் தடுப்பது, வழக்கம்போல் ஈறிலும் தாடையிலும் போடப்படும் லிக்னோகெய்ன் போன்ற மரத்துப்போகும் ஊசிதான். நரம்பு ஊசியின் பயன், அந்த இரண்டாவது ஊசியைப் பற்றிய அச்சமும் நினைவும் நீங்குவது.

இங்கே மருத்துவ அறம் சார்ந்த நுட்பமான சிக்கல் ஒன்று எழுகிறது. மரத்துப்போகும் ஊசி சரியாக வேலை செய்யாவிட்டால் நோயாளி முனகுவார், முகம் சுளிப்பார், கையைத் தட்டிவிடுவார். ஆனால் மறுநாள் கேட்டால் எதுவும் தெரியவில்லை என்பார். வலித்தது, ஆனால் நினைவில்லை என்பதும் வலிக்கவே இல்லை என்பதும் ஒன்றல்ல. அத்தகைய தருணத்தில் சரியான செயல், அறுவையை நிறுத்திவிட்டு ஈறில் மீண்டும் மரத்துப்போகச் செய்வது. நினைவிருக்காது என்ற துணிவில் செடேஷன் மருந்தைக் கூட்டுவது மருத்துவ முறைப்படியும் தவறு, நோயாளியை ஆழ்ந்த மயக்கத்துக்குத் தள்ளும் குறுக்கு வழியும் அதுவே.

மருந்து செலுத்திய பின் நடப்பவை மட்டுமே நினைவில் பதிவதில்லை. முன்பு நடந்தவை அப்படியே இருக்கும். கவனிக்க வேண்டியது, நோயாளி தெளிந்துவிட்டதாகத் தோன்றிய பிறகும் இந்த மறதி தொடர்வதுதான். அவர் எழுந்து அமர்ந்து, நன்றி சொல்லி, மாத்திரை எப்போது சாப்பிட வேண்டும் என்று கேட்டு, பதிலையும் கேட்டுக்கொள்வார். வீடு போய்ச் சேர்வதற்குள் அது முழுவதும் கலைந்திருக்கும். பஞ்சுத் துணியை எவ்வளவு நேரம் கடித்திருக்க வேண்டும், முதல் நாள் ஏன் வாய் கொப்பளிக்கவோ துப்பவோ கூடாது என்பன போன்ற அறிவுரைகளை எழுத்தில் தந்து, உடன் வந்தவரிடமும் சொல்வது இதனால்தான் கட்டாயமாகிறது.

சிலரிடம் மருந்து நேர்மாறாக வேலை செய்கிறது. அமைதிக்குப் பதில் அழுகை, பிதற்றல், கைகால் உதறல், சினம் ஆகியவை வெளிப்படுகின்றன. குழந்தைகளிடமும் முதியவர்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. இன்னும் மருந்து வேண்டும்போலும் என்று எண்ணி அளவைக் கூட்டுவதுதான் இந்நேரத்தில் செய்யக்கூடிய பெரும் பிழை.

மிக அரிதாக, மருந்தின் பிடியில் உள்ளவருக்குத் தகாத முறையில் தொடப்பட்டதுபோன்ற மாயத் தோற்றங்கள் எழுவதாகவும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. இதைச் சுட்டிக்காட்டி ஒரு நோயாளியின் புகாரைத் தள்ளுபடி செய்துவிட முடியாது. மயங்கிய நிலையில் உள்ளவர்களிடம் அத்துமீறல்கள் நடந்ததும் உண்மையே. அறையில் மருத்துவருடன் எப்போதும் மூன்றாம் நபர் ஒருவர் இருக்க வேண்டும் என்ற நெறிமுறை இரு தரப்பையும் காக்கிறது.

மூச்சுப்பாதையே அறுவைக் களம்

இந்த மருந்துகளால் உயிராபத்து நேருமானால், அது பெரும்பாலும் மூச்சின் வழியாகவே நேர்கிறது. மூச்சின் வேகமும் ஆழமும் குறைகின்றன. ரத்தத்தில் கரியமில வாயு கூடினால் வேகமாக மூச்சுவிடத் தூண்டும் மூளையின் எச்சரிக்கை மந்தமாகிறது. நாக்கும் அண்ணத்தின் மென்மையான பின்பகுதியும் தளர்ந்து தொண்டையை நோக்கிச் சரிகின்றன. குறட்டை ஒலி கேட்டால் நோயாளி நன்றாக உறங்குகிறார் என்று வீட்டில் எண்ணலாம். செடேஷன் நாற்காலியில் அது பாதை அடைபடத் தொடங்கியதன் அறிகுறி.

குடல்வால் அறுவை சிகிச்சையில் அறுவை மருத்துவர் வயிற்றருகே நிற்கிறார், மயக்கவியல் மருத்துவர் தலைமாட்டில் நின்று மூச்சைப் பார்த்துக்கொள்கிறார். பல் அறுவையில் இருவருக்கும் வேண்டியது ஒரே இடம். நோயாளி மூச்சுவிடும் வாயில்தான் துளைக்கும் கருவியின் தண்ணீரும், ரத்தமும், உடைந்த பல்துண்டும், பஞ்சுத் துணியும், மருத்துவரின் விரல்களும் இருக்கின்றன. கீழ் ஞானப்பல்லை நெம்பும்போது தாடை பின்னோக்கி அழுத்தப்படுவதால் தொண்டை மேலும் குறுகுகிறது. விழிப்பிலுள்ளவர் இவற்றை விழுங்குவார் அல்லது இருமி வெளியேற்றுவார். ஆழ்ந்த மயக்கத்தில் அந்த அனிச்சைச் செயலும் குன்றிவிடுகிறது. அதனால் தொண்டைக்கு முன் திரைபோல் துணி வைப்பதும், உறிஞ்சு குழாயை ஒரு கணமும் விலக்காமல் வைத்திருப்பதும் அறுவையின் இன்றியமையாத பகுதிகளாகின்றன. வாயைத் திறந்து பிடிக்கும் ரப்பர் கட்டையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சொன்னபடி வாயைத் திறந்து வைத்திருப்பதே நோயாளி இன்னும் இரண்டாம் படியில் இருக்கிறார் என்பதற்கு எளிய சான்று. கட்டை வைத்துவிட்டால் அந்தச் சான்று மறைந்துபோகும்.

கொரோனா காலத்தில் இந்திய வீடுகளுக்குள் நுழைந்த பல்ஸ் ஆக்சிமீட்டர், ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி 1970களில் கண்டறிந்த கோட்பாட்டில் இயங்குவது. விரலில் மாட்டப்படும் இக்கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவைக் காட்டுகிறது. செடேஷனின்போது இது இல்லாமல் இருக்கவே கூடாது. ஆனால் இதை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. மூச்சு நின்றவுடன் ஆக்சிஜன் அளவு சரிவதில்லை. நுரையீரலில் இருப்பு தீரும் வரை எண் அப்படியே நிற்கும். மூக்குவழியே கூடுதல் ஆக்சிஜன் கொடுக்கப்பட்டிருந்தால் அந்தத் தாமதம் நிமிடக் கணக்கில் நீளும். அதற்கு மாறாக, வெளிமூச்சிலுள்ள கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃப் கருவி, மூச்சு நின்ற அடுத்த கணமே திரையில் கோட்டைத் தட்டையாக்கிக் காட்டிவிடுகிறது. இரண்டாம் படியிலும் அதற்கு அப்பாலும் செல்லும் நோயாளிகளுக்கு இதைப் பயன்படுத்த வேண்டும் என்று அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம் 2011 முதல் வலியுறுத்துகிறது. வாய்வழி மூச்சுவிடும் பல் நோயாளியிடம் இதன் அளவீடு சற்றுப் பிசகலாம் என்பதால், மார்பின் ஏற்ற இறக்கத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு ஈடாக எந்தக் கருவியும் இன்னும் வந்துவிடவில்லை.

மிடாசோலத்துடன் ஃபென்டானில் போன்ற ஓபியாய்டு வலி மருந்து சேரும்போது மூச்சை அடக்கும் விளைவு பன்மடங்காகிறது. இவ்விரு மருந்து வகைகளை இணைப்பதன் ஆபத்து குறித்து அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016இல் கட்டமிட்ட எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. இவற்றுக்கு மாற்று மருந்துகள் உள்ளன. மிடாசோலத்துக்கு ஃப்ளூமசெனில், ஓபியாய்டுகளுக்கு நலோக்சோன். எனினும் ஃப்ளூமசெனிலின் செயல் மிடாசோலத்துக்கு முன்பே தீர்ந்துவிடும். எழுந்து அமர்ந்த நோயாளி சிறிது நேரத்தில் மீண்டும் மயக்கத்தில் ஆழலாம். மாற்று மருந்து கொடுத்தாயிற்று, இனி வீட்டுக்கு அனுப்பலாம் என்று கருதுவது தவறு. அது கொடுக்கப்பட்டவரை வழக்கத்தைவிட நீண்ட நேரம் கண்காணிக்க வேண்டும்.

பால்போல் வெண்மையான புரோபோஃபால் மருந்துக்கு மாற்று மருந்தே இல்லை. பாடகர் மைக்கேல் ஜாக்சனின் 2009ஆம் ஆண்டு மரணத்தால் உலகெங்கும் அறியப்பட்ட இம்மருந்து, விரைவில் வேலை செய்து விரைவில் தெளிகிறது, குமட்டலும் குறைவு. ஆனால் இரண்டாம் படிக்கும் நான்காம் படிக்கும் இடையே இது விட்டுவைக்கும் இடைவெளி மிகக் குறுகியது. பொது மயக்கம் அளிக்கப் பயிற்சி பெற்றவரே இதைச் செலுத்த வேண்டும், அவர் அறுவையில் ஈடுபடாதவராகவும் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் இம்மருந்தின் குறிப்பேடே கூறுகிறது. கெட்டமின் மூச்சை அதிகம் அடக்குவதில்லை. ஆனால் உமிழ்நீரைப் பெருக்கி, விழிக்கும்போது கலக்கமான தோற்றங்களை உண்டாக்கக்கூடும். டெக்ஸ்மெடிடோமிடின் இயல்பான உறக்கத்தை ஒத்த நிலையைத் தருகிறது. இதயத் துடிப்பைக் குறைப்பது அதன் குறை.

மருந்து தருபவர் யார்?

அறுவை சிகிச்சையில் மயக்க மருந்தைப் புகுத்தியவர்களில் முன்னோடிகள் பல் மருத்துவர்களே. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஹொரேஸ் வெல்ஸ் 1844இல் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை முகர்ந்து தம் பல்லையே பிடுங்கச் செய்தார். அவருடன் முன்னர் இணைந்து தொழில் செய்த வில்லியம் மார்ட்டன், 1846இல் பாஸ்டன் மருத்துவமனையில் ஈதரின் ஆற்றலைப் பலரறியச் செய்து காட்டினார். அந்த மரபின் தொடர்ச்சியாகவே, பல்லையும் எடுத்து மயக்க மருந்தையும் தாமே தரும் ‘ஒரே மருத்துவர்’ முறை மேற்குலகில் நெடுங்காலம் நீடித்தது.

அதன் விலையும் கணக்கிடப்பட்டது. தொடர்ந்த உயிரிழப்புகளுக்குப் பின், மருத்துவமனைக்கு வெளியேயுள்ள பல் மருத்துவ நிலையங்களில் பொது மயக்கம் அளிப்பதைப் பிரிட்டன் 2001ஆம் ஆண்டின் இறுதியோடு முடிவுக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் பல் மருத்துவ நாற்காலியில் குழந்தைகள் உயிரிழந்த நிகழ்வுகள் விவாதத்தைக் கிளப்பின. ஆழ்ந்த மயக்கத்தில் வைக்கப்படும் குழந்தைக்கு, பல் மருத்துவரைத் தவிர, மருந்து தருவதையும் கண்காணிப்பதையும் மட்டுமே பணியாகக் கொண்ட தகுதி வாய்ந்த இன்னொருவர் இருக்க வேண்டும் என்று அந்நாட்டின் குழந்தை மருத்துவக் கழகமும் குழந்தைப் பல் மருத்துவக் கழகமும் 2019இல் நெறிமுறையைத் திருத்தின.

இந்தியத் தனியார் நிலையங்களில், வெளியிலிருந்து மயக்கவியல் மருத்துவர் ஒருவரை வரவழைப்பது பரவலான வழக்கம். இருவர் பணியை ஒருவர் செய்யாத இம்முறை நல்லதே. ஆனால் மருத்துவர் வந்து போகிறவர், அறை நிலையானது. அந்த அறையில் நிரம்பிய ஆக்சிஜன் சிலிண்டர், முகமூடியுடன் கூடிய அழுத்துப் பை, மின்வெட்டிலும் இயங்கும் உறிஞ்சு கருவி, அவசர மருந்துகள், படுக்கையாகச் சாய்க்கக்கூடிய நாற்காலி, ஸ்ட்ரெச்சர் நுழையும் அகலத்தில் வழி ஆகியவை இருக்கின்றனவா என்பது வேறு கேள்வி. மாடிக் கட்டடங்களில் குறுகிய படிக்கட்டுக்கு மேல் இயங்கும் நிலையங்கள் நம் நகரங்களில் ஏராளம். மருத்துவ நிலையங்களுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கும் 2010ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தை எல்லா மாநிலங்களும் ஏற்கவில்லை. சில மாநிலங்கள் தனிச் சட்டங்களை வைத்துள்ளன. 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டத்துக்கு மாற்றாகத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் 2023இல் நிறைவேற்றியது. செடேஷன் போன்ற நடைமுறைகளுக்கு நாடு முழுவதும் ஒரே தரம் உருவாகுமா என்பது அந்த ஆணையத்தின் செயல்பாட்டைப் பொறுத்தது.

ஒப்புதல் குறித்து இந்தியச் சட்டம் தெளிவாகவே உள்ளது. டெல்லியில் பொது மயக்கத்தில் பரிசோதனைக்கு உட்பட்ட ஒரு பெண்ணுக்கு, அவர் நினைவிழந்திருந்தபோது தாயாரிடம் மட்டும் ஒப்புதல் பெற்றுக் கருப்பை அகற்றப்பட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. சுயமுடிவெடுக்கும் தகுதியுள்ள வயதுவந்த ஒருவரின் ஒப்புதலுக்குப் பிறர் ஒப்புதல் ஈடாகாது. உயிரைக் காக்கும் அவசரம் இல்லாதபோது, பரிசோதனைக்கு அளித்த ஒப்புதலைச் சிகிச்சைக்கான ஒப்புதலாகக் கொள்ளக் கூடாது என்று நீதிமன்றம் கூறியது. பல் மருத்துவத்துக்கும் இது பொருந்தும். ஒரு பல்லை எடுக்கச் சம்மதித்துச் செடேஷனில் இருப்பவரிடம், பக்கத்துப் பல்லையும் எடுத்துவிடலாமா என்று நடுவில் கேட்டுப் பெறும் தலையசைப்பு ஒப்புதல் ஆகாது. அவர் பதில் சொல்லக்கூடிய நிலையில் இருப்பார். முடிவெடுக்கும் நிலையில் இல்லை. ஒருவேளை தேவைப்படலாம் என்று கருதப்படும் சிகிச்சைகளையும் ஊசிக்கு முன்பே பேசி எழுத்தில் வைப்பதே முறை.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

முதியவர்களுக்கு இளையவர்களைவிடக் கணிசமாகக் குறைந்த அளவே போதும். அறுவைக்குப் பின் குழப்பமும் தடுமாற்றமும் அவர்களிடம் நீடிக்கலாம். இரவில் பலத்த குறட்டையும் இடையிடையே மூச்சடைப்பும் உள்ளவர்கள், உடற்பருமன் மிகுந்தவர்கள், நுரையீரல், கல்லீரல் நோயாளிகள், கருவுற்ற பெண்கள் ஆகியோர் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உறக்க மாத்திரை, மதுப் பழக்கம் ஆகியவற்றை மறைப்பது நேரடி ஆபத்து.

மருந்துகளுக்கிடையிலான மோதலைப் பலர் அறிவதில்லை. பல் தொற்றுக்குச் சில நேரம் எழுதப்படும் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆகியவையும், பூஞ்சைத் தொற்றுக்கான இட்ராகோனசோல் போன்றவையும் மிடாசோலம் உடலில் சிதைவதைத் தாமதப்படுத்தி மயக்கத்தை நீட்டிக்கின்றன. காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான ஃபெனிடாயினும் நேர்மாறாக அதை விரைவில் சிதைக்கின்றன. எனவே, கடந்த சில வாரங்களில் உட்கொண்ட மாத்திரைகளின் அட்டைகளை அப்படியே கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.

குழந்தைகளின் மூச்சுப்பாதை குறுகியது, ஆக்சிஜன் இருப்பும் குறைவு. பதற்றம் மட்டுமே சிக்கல் என்றால் முகர்வதற்கான நைட்ரஸ் ஆக்சைடும், நீண்ட சிகிச்சை என்றால் மருத்துவமனையில் முறையான பொது மயக்கமும் பெரும்பாலும் பொருத்தமான வழிகள். ஆட்டிசம், பெருமூளை வாதம் போன்ற நிலைகளில் உள்ள பலருக்கு ஏதேனும் ஒரு மயக்க முறை இன்றிப் பல் சிகிச்சையே கிடைப்பதில்லை. அவர்களுக்கு இது ஆடம்பரம் அல்ல.

ஊசிக்கு முன்னும் பின்னும்

வாந்தி நுரையீரலுக்குள் செல்வதைத் தடுக்க, திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பும் தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்துமாறு பொதுவாகக் கூறப்படுகிறது. தெளிந்த திரவம் என்ற பட்டியலில் தண்ணீர் உண்டு, பால் சேர்த்த தேநீரும் காபியும் இல்லை. வயிறு காலியாக இருக்க வேண்டியுள்ளதால், சர்க்கரை நோயாளிகள் இன்சுலின், மாத்திரை அளவுகளை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். பல்ஸ் ஆக்சிமீட்டர் சரியாக இயங்க நகப்பூச்சை அகற்றிவிட்டுச் செல்லலாம்.

மருத்துவரிடம் கேட்கத் தயங்கக் கூடாத கேள்விகள் சில உண்டு. மருந்தின் பெயர் என்ன, அதைச் செலுத்துபவரின் தகுதி என்ன, பல் எடுக்கப்படும் நேரம் முழுவதும் அவர் அறையிலேயே இருப்பாரா, எந்த ஆழம் வரை கொண்டுசெல்லத் திட்டம், மூச்சு குறைந்தால் அருகிலுள்ள மருத்துவமனை எது. பதில்கள் நீளமாக இருக்க வேண்டியதில்லை. தயக்கமின்றி வந்தால் போதும்.

சிகிச்சைக்குப் பின் தலைசுற்றல், நடைத் தடுமாற்றம், குமட்டல், காரணமற்ற அழுகை ஆகியவை சிலருக்கு ஏற்பட்டுச் சில மணி நேரத்தில் மறையும். ஊசி போட்ட இடத்தில் சிரை கன்றிப்போய்ச் சில நாள்கள் வலிக்கலாம். அடுத்த 24 மணி நேரத்துக்கு இருசக்கர வாகனம் உள்ளிட்ட எதையும் ஓட்டக் கூடாது. அடுப்படியில் நிற்பது, கைக்குழந்தையைத் தனியே பார்த்துக்கொள்வது, பத்திரங்களில் கையெழுத்திடுவது, கைப்பேசியில் பணப் பரிமாற்றம் செய்வது ஆகியவற்றையும் தள்ளிப்போட வேண்டும். செயலி மூலம் வாடகைக் கார் வரவழைத்துத் தனியே புறப்படுவது துணைக்கு ஈடாகாது. பொறுப்பான ஒருவர் உடன் சென்று, அன்றிரவு வீட்டிலும் தங்க வேண்டும்.

அவ்வாறு தங்குபவர் நோயாளியின் தலையைச் சற்று உயர்த்திப் படுக்க வைக்கலாம். மருத்துவர் எழுதித் தராத உறக்க மாத்திரையோ கடும் வலி மாத்திரையோ அன்று கொடுக்கக் கூடாது. தொட்டு எழுப்பினால் கண் விழித்துப் பேசுகிறாரா என்று இடையிடையே பார்த்துக்கொள்ள வேண்டும். எழுப்ப முடியாமல் போனாலோ, குறட்டையுடன் மூச்சு விட்டுவிட்டு வந்தாலோ, உதடுகள் நீலம் பூத்தாலோ, உடனே பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து, தாடையை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்தபடி 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு, எப்போது செலுத்தப்பட்டது என்று எழுதப்பட்ட சிகிச்சைச் சீட்டு அந்த நேரத்தில் கையில் இருப்பது அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவருக்கு உதவும். பல் மருத்துவமனையிலிருந்து புறப்படும் முன்பே அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.